தமிழ்ப் பிரதி

தியாகராஜாவின் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. மழைக்காலத்துச் சுவரில் ஈரம் ஏறுவதுபோல மூன்று வருடமாக ஓரங்களிலிருந்து இருட்டு ஏறிவந்தது. கடைசியில் சன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லுமளவுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியது.

கண்டியில் ஒரு திணைக்களத்தின் கிளை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவர் அவர். பார்வை போன பிறகும் நாலு மாதம் ஒருவருக்கும் தெரியாமல் வேலை செய்தார் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் உண்மை. விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை. எந்த எழுத்து எந்த மூலையில் இருந்தாலும் அவை தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும். கையெழுத்து வரைவுகளைப் படிக்கத்தான் கண் வேண்டும். அவற்றைப் பைக்குள் வைத்து மஹியாவையில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோவார். மனைவி பத்மாதேவி அரிசி களைந்தபடியே வாசிப்பாள். அவர் மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் போய் அடித்துவிடுவார்.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு பங்குனியில் ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல மேசையில் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். பழைய இரும்பு இயந்திரம் அங்கே இல்லை. தட்டையான, எடையில்லாத ஒரு பலகைதான் கையில் தட்டுப்பட்டது. தட்டெழுத்துப் பொறிகளையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் அவற்றின் இடத்தில் கணினிகளை வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அது புதுப் பொருள் கிடைத்த சந்தோஷமான காலை. தியாகராஜா மட்டும் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். தலைமை எழுத்தரான பிரதம லிகிதர் ஹேரத் வந்து திரையில் எதையோ காட்டி, "இதைப் பாருங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். தியாகராஜா சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றோடு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஹேரத் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது ஆறுதல் அடைந்திருக்கலாம். "முதலில் லீவில் போங்கள், மிஸ்டர் தியாகராஜா. ஒரு சபை கூடித் தீர்மானிக்கும். கணினியில் அடிக்க முடியும் என்று காட்டினால் வேலை இருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காட்டாவிட்டாலும் பரவாயில்லை, ஓய்வூதியம் இருக்கிறதே" என்று சேர்த்தார். தியாகராஜாவுக்கு அந்தப் 'பரவாயில்லை'தான் நெஞ்சில் தைத்தது. ஐம்பத்தொரு வயதில் வீட்டுக் கதிரையில் சாய்ந்து வானொலிச் செய்தி கேட்டபடி சாவதற்கா ஆண்டவன் பத்து விரலையும் விட்டுவைத்திருக்கிறான்?

கட்டுகஸ்தோட்டை வீதியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு சமூகக் கணினி நிலையம் இருப்பதாகப் பத்மாதேவி கோயிலில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். மறுநாளே கூட்டிக்கொண்டு போனாள். இருபத்திரண்டு படி. நடக்க முடியாதவர்களுக்கான நிலையத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ என்று தியாகராஜா மூச்சு வாங்கியபடி கேட்டார். கீழேயிருந்து ஊன்றுகோல் சத்தம் ஒன்று ஏறி வந்தது.

"கீழ்த்தளத்துக்கு அஞ்சு கடிதம் எழுதி ஈக்கேன், அங்கிள். அது வரும் வரைக்கும் நானும் இப்படித்தான் ஏறுற" என்றாள் வந்தவள்.

அவள்தான் சகீனா, அந்த நிலையத்தின் பயிற்றுநர். சின்ன வயதில் போலியோவில் ஒரு கால் போனவள். ஆறு கணினிகளையும், பேசாத பிள்ளைகள், கேளாத பிள்ளைகள், போர்முனையில் கால் இழந்து திரும்பிய இரண்டு மூன்று சிப்பாய்கள் எல்லோரையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

பார்வையில்லாதவர்களுக்காக, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. தியாகராஜா காதில் கருவியை மாட்டிக்கொண்டார். முதல் நாளே அவருடைய விரல்கள் விசைப்பலகையில் பழைய வீட்டுக்குத் திரும்பிய பூனைபோல ஓடின. எழுத்துகள் ஏறக்குறையப் பழைய இடத்திலேயே இருந்தன. 'அம்மா' என்று அடித்தார். அடித்ததை வாசித்துக் காட்டும்படி விசையை அழுத்தினார். காதுக்குள் ஒரு வெள்ளைக்காரன் நிதானமாகச் சொன்னான்: "எம். கே. செமிகோலன். கே. எச்."

"என்ன பிள்ளை, இவன் ஏசுறானோ?"

சகீனா சிரிக்கவில்லை. அவளுக்கும் அது தலைவேதனை. அந்த நாளில் கணினியில் தமிழ் எழுதப் பலரும் ஒரு குறுக்கு வழியைத்தான் பயன்படுத்தினார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதற்கு மேலே போடப்பட்ட உடுப்புத்தான் தமிழ். 'எம்' விசையைத் தட்டினால் திரையில் 'அ' தெரியும். ஆனால் கணினியின் வயிற்றுக்குள் அது 'எம்'தான். கண்ணுள்ளவர்கள் உடுப்பைப் பார்த்தார்கள். வாசிக்கும் மென்பொருளோ வயிற்றைப் பார்த்தது. சிங்களப் பிள்ளைகளுக்கு யாரோ பல்கலைக்கழகத்தில் ஏதோ செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். தமிழுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப நான் அடிச்சது சரியோ பிழையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது, அங்கிள்" என்றாள் சகீனா. கொஞ்ச நேரம் ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வெள்ளைக்காரன்ட பாஷைய நீங்க படிச்சா தெரியும்" என்றாள்.

படித்தார். ஐம்பத்தொரு வயதில், எம் என்றால் அ, கே என்றால் ம, செமிகோலன் என்றால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி என்று பாலர் வகுப்புப் பிள்ளைபோல ஓதிப் படித்தார். சகீனா அந்தக் குரலை ஒரு கசெட்டில் பதிந்து கொடுத்தாள். குளிக்கும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் ஒரு சின்னக் கசெட் கருவியில் அதைக் கேட்டார். ஒருநாள் சந்தியில் சோதனைக்கு நின்ற சிப்பாய் ஒருவன் அந்தக் கருவியை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். ஆங்கில எழுத்துகளும் செமிகோலனுமாக வந்துகொண்டிருந்தது. இது என்ன இரகசியச் செய்தி என்று கேட்டான். "இது தமிழ்" என்றார் தியாகராஜா சிங்களத்தில். "தமிழென்றால் ஏன் இங்கிலிசில் பேசுகிறது?" என்றான் அவன். அதுதானே தன்னுடைய கேள்வியும் என்று அவர் சொன்னபோது அவன் இன்னும் சந்தேகப்பட்டான். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் ஒரு சார்ஜன்ட் வந்து வெள்ளைப் பிரம்பைப் பார்த்துவிட்டு ஆளை விட்டார். கசெட்டை விடவில்லை.

"உங்களுக்கு இந்த வேலை தேவைதானோ?" என்று பத்மாதேவி அழுதாள். "பிடிச்சுக்கொண்டு போயிருந்தா நான் எங்க வந்து தேடுறது?"

"அவங்கள் பிடிச்சாலாவது நான் ஏதோ செய்யக்கூடியவன் எண்டு நம்பிப் பிடிச்சிருப்பாங்கள். கந்தோரிலை என்னோடை வேலை செய்யிற ஆக்கள் அப்பிடியும் நம்பயில்லை" என்றார் அவர். சொன்ன பிறகு அந்தப் பகிடிக்கு அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஆவணியில் அலுவலகத்தில் சபை கூடியது. மூன்று கனவான்கள், மூவரும் கொழும்பிலிருந்து வந்தவர்கள், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. சகீனா காலையிலேயே வந்து, சோதனைக்கென்று ஒதுக்கிய கணினியில் தமிழ் எழுத்துருவையும் வாசிக்கும் மென்பொருளையும் ஏற்றிவைத்தாள். ஒரு பழைய சுற்றறிக்கையை அவள் வாசிக்க, அவர் அடித்தார். கனவான்கள் தூரத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வந்து அவருடைய கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரங்காட்டியின் முன்னால் நிற்பதுபோல வியந்து நின்றாரே தவிர, திரையை ஒருதரமும் பார்க்கவில்லை. பதினொரு நிமிடத்தில் முடிந்தது.

"ஒரு பிழையும் இல்ல, அங்கிள்" என்று சகீனா காதுக்குள் சொன்னாள். இரண்டு மணிக்கு நிலையத்தைத் திறக்க வேண்டும், வாசலில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று ஓடினாள். அவளுடைய ஓட்டம் என்பது கோலும் காலுமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போவதுதான்.

அவள் நின்றிருக்க வேண்டும். ஆனால் யாருக்குத் தெரியும்? அச்சுப்பொறி கணக்காளரின் அறையில் வேறொரு கணினியோடு இணைந்திருந்தது. ஹேரத் கோப்பை அங்கே கொண்டுபோய் அச்செடுத்து வந்து சபையின் முன் வைத்தார். தாள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் சத்தம் தியாகராஜாவுக்குக் கேட்டது.

"அனே" என்றார் ஒருவர், மிகவும் இரக்கத்தோடு.

"என்ன, சேர்? பிழை இருக்கிறதா?"

"பரவாயில்லை, மிஸ்டர் தியாகராஜா. நீங்கள் முயற்சி செய்தீர்கள். அது பெரிய விஷயம்."

"எந்த வரியில் பிழை என்று சொல்லுங்கள், சேர்."

ஒருவரும் சொல்லவில்லை. குருடனுக்கு அவனுடைய குறையை எடுத்துச் சொல்வது பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ. வாகனம் காத்திருந்தது. போகும்போது ஒருவர் அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்லெண்ணத்தோடு தட்டிய அந்தக் கை, கன்னத்தில் விழும் ஓர் அறையைவிடப் பாரமாகத் தோளில் கிடந்தது.

அலுவலக உதவியாளர் வீரையாதான் அவரைப் பின்படிக்கட்டு வழியாகக் கூட்டிக்கொண்டு இறங்கினார். மடுல்கெல்லத் தோட்டத்துக்காரர். பாடசாலைப் பக்கம் போகாதவர். பாதிப் படியில் நின்றார்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. அந்தத் தாள குப்பையில போட்டாங்க. நா எடுத்து வச்சிருக்கேன். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுங்க. ஆனா இது தமிழே இல்லீங்க. இங்கிலீசு எழுத்து."

"இங்கிலிஸ் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பெக்டரியில தேயிலைப் பொட்டிக்கு மார்க்கு போட்டவங்க நானு. எழுத்து மட்டும் தெரியும், சேத்துப் படிக்கத் தெரியாது."

"சேர்க்க வேண்டாம், வீரையா. ஒவ்வொண்டாச் சொல்லு."

வீரையா தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "எம்மு. அப்புறம் டீ. அப்புறம் ஒரு புள்ளிங்க, அதுக்குக் கீழ வாலு. அப்புறம் பெரிய ஜீ. ஐ. எல்லு. ஏ. பெரிய பீ. யூ. மறுபடி அந்தப் புள்ளியும் வாலும்."

தியாகராஜா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்புடையீர்" என்றார்.

"என்னங்கய்யா?"

"மேல சொல்லு."

வீரையா சொல்லச் சொல்ல, சுற்றறிக்கை சொல் சொல்லாக அவருடைய வாயிலிருந்து வந்தது. ஓர் எழுத்தும் தப்பவில்லை. அச்சிட்ட கணினியில் தமிழ் உடுப்பு இருக்கவில்லை. அதனால் வயிறு வெளியே தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். அவர் கண் தெரியாமல் விசையை மாற்றி அடித்துவிட்டதாகக் கண்ணுள்ள மூன்று பேர் முடிவு செய்துகொண்டு போய்விட்டார்கள்.

தடதடவென்று மேலே ஏறிப்போய் ஹேரத்திடம் சொன்னார். வீரையாவைச் சாட்சிக்கு நிறுத்தினார். ஹேரத் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அறிக்கையில் கையெழுத்திட்டாயிற்று. வாகனமும் போய்விட்டது."

"தொலைபேசியில் சொல்ல முடியாதா?"

"என்னவென்று சொல்வது? படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது. முடியும், முடியாது. எழுத்துரு என்று ஒரு கட்டம் இல்லையே."

சகீனா விஷயத்தைக் கேட்டு மூன்று நாள் தூங்கவில்லை. நான் நின்றிருக்க வேண்டும், நான் நின்றிருக்க வேண்டும் என்று ஓயாமல் சொன்னாள். கொழும்புக்கு ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் எழுதினாள். எழுத்துருவையும் தாளின் பிரதியையும் வைத்து, எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று பட்டியல் போட்டு அனுப்பினாள். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. தொலைபேசியில் கேட்டால், சம்பந்தப்பட்டவர் லீவு என்றார்கள். சம்பந்தப்பட்டவர் வந்தபோது சம்பந்தம் வேறொருவருக்கு மாறியிருந்தது. அந்த நாட்களில் நாட்டில் குண்டும் சாவும் தினம் தினம் நடந்துகொண்டிருந்தன. அதற்கு நடுவில் ஒரு செமிகோலனுக்காக யார் அழுவார்கள்? இருந்தாலும் தியாகராஜா தினமும் இருபத்திரண்டு படி ஏறினார். அங்கே வேறு பார்வையற்ற பிள்ளைகள் இருவருக்கு வெள்ளைக்காரனின் பாஷையைக் கற்றுக்கொடுத்தார். மாலையில் கீழே இறங்கும்போது மட்டும் கால் கனத்தது.

கார்த்திகையில் ஹேரத் அலுவலகத்துக்கு அழைத்தார். பத்மாதேவிக்கு ஏதோ நல்ல செய்திபோலப் பட்டது. திருநீறு பூசி அனுப்பினாள்.

ஹேரத் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். தொண்டையைச் செருமினார். "கொழும்பிலிருந்து ஓய்வுக் கட்டளை வந்துவிட்டது. சிங்களத்தில் இருக்கிறது. ஆனால் தமிழ் உத்தியோகத்தருக்குக் கொடுக்கும்போது தமிழ்ப் பிரதியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் உரிமை அது. நான் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"நன்றி, சேர்."

"அரசாங்க அதிபரின் கச்சேரி அலுவலகத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கையால் எழுதி வாங்கிவிட்டேன். அடிப்பதற்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் போன பிறகு தமிழ்க் கடிதம் ஒன்றும் வெளியே போகவில்லை. அறுபது எழுபது குவிந்து கிடக்கிறது." கொஞ்சம் தயங்கினார். "உங்கள் நிலையத்தில் அந்த முஸ்லிம் மிஸ் இருக்கிறாரே, அவரிடம் கொடுத்து அடித்து எடுத்துவர முடியுமா? நாளைக்குப் புதிய உதவி ஆணையாளர் கையெழுத்திடுவார்."

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று ஹேரத்துக்கு இன்னும் உறைக்கவில்லை என்பது தியாகராஜாவுக்கு விளங்கியது. கையை நீட்டித் தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகாமல் நேரே நிலையத்துக்கு நடந்தார்.

சகீனா தாளை வாசித்தாள். பிறகு மேசையில் அடித்து வைத்தாள். "ஏலா, அங்கிள். இத நான் அடிக்க மாட்டன். வெக்கமில்லாம எப்படி இத உங்கட கையிலயே தந்து விட்ட?"

"நீர் அடிக்க வேண்டாம், பிள்ளை. வாசியும். நான் அடிக்கிறன்."

"உங்களுக்கு என்ன விசரா?"

"அது என்ரை வேலைதானே. இன்னும் போகயில்லை. இந்தக் கடிதம் கையிலை கிடைச்சாப் பிறகுதான் போகும்."

அவள் வாசிக்கத் தொடங்கினாள். 'கண்பார்வைக் குறைபாடு காரணமாகத் தட்டெழுத்துக் கடமைகளை நிறைவேற்ற இயலாதவர் எனக் கண்டறியப்பட்டுள்ள' என்ற வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டது.

"'இயலாதவர் என' எண்டதுக்குப் பிறகு 'க்' போடவேணும். எழுதினவர் போட்டிருக்கிறாரோ?"

"போட்டு ஈக்கு."

"நல்லது. கச்சேரியிலை தமிழ் தெரிஞ்ச ஆள் இருக்கு. மேல வாசியும்."

"வேணுமெண்டு நாலு பிழை விடுங்களே, அங்கிள். இயலாதவரெண்டு சொல்றவங்களுக்கு இயலாதவர் அடிச்ச மாதிரியே ஈக்கட்டும்."

"கடிதம் என்ன பாவம் செய்தது, பிள்ளை?"

கோபம் இல்லாமலில்லை. நெஞ்சு முழுக்க இருந்தது. ஒவ்வொரு விசையாக இறங்கி அடித்தார். முடித்துவிட்டு வெள்ளைக்காரனை வாசிக்கவிட்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். கையெழுத்திடும் இடத்துக்குக் கீழே, இடது ஓரத்தில், விரல் தன் பாட்டுக்கு இரண்டு எழுத்தைத் தட்டியது: சி.தி. அரசாங்கக் கடிதத்தில் அடித்தவர் தன் முதலெழுத்தைப் போடுவது வழக்கம். சின்னத்தம்பி தியாகராஜா இருபத்தாறு வருடம் அப்படித்தான் போட்டுவந்தார்.

"அது வேணுமா?" என்றாள் சகீனா.

"பிழை இருந்தா ஆரைப் பிடிக்கிறது எண்டு அவைக்குத் தெரியவேணுமே."

நிலையத்தின் அச்சுப்பொறியில் தமிழ் ஒழுங்காக வந்தது. சகீனா தாளை உறையில் போட்டுக் கொடுத்தபோது உறை கொஞ்சம் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை தியாகராஜா வெளி அறையில் தன் ஓய்வுக்காகக் காத்திருந்தார். உள்ளே புதிய உதவி ஆணையாளர் ஸெய்னுலாப்தீன். அவர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான். தடுப்புப் பலகைக்கு அப்பால் சிங்களத்தில் பேச்சுக் கேட்டது.

"மிஸ்டர் ஹேரத், நம்ம ஒஃபிஸ்ல தமிழ் டைப்பிஸ்ட் இல்லையெண்டுதானே சொன்னீங்க?"

"இல்லை, சேர்."

"அப்ப ஆர் இந்த சி.தி.?"

தாள் புரண்டது. ஹேரத் எழுத்துகளைக் கண்டாரே தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. அது என்ன என்று அவர் கேட்டார். உதவி ஆணையாளர் நிதானமாக விளக்கினார். கதவு திறந்தது.

"உள்ளுக்கு வாங்க, மிஸ்டர் தியாகராஜா."

உட்காரவைத்துவிட்டு ஸெய்னுலாப்தீன் கேட்டார். "நீங்களா அடிச்சீங்க?"

"ஓம், சேர்."

"இதில என்ன எழுதி இருக்கெண்டு தெரியுமா?"

"அடிக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமோ, சேர்."

"உங்களால அடிக்க ஏலாதெண்டு நீங்களே பிழையில்லாம அடிச்சிருக்கீங்க."

"வேறை ஆளில்லை, சேர்."

ஹேரத்தின் கதிரை கிரீச்சிட்டது. எழுந்தாரோ, சாய்ந்தாரோ, தெரியவில்லை. "நான் யோசிக்கவில்லை" என்று சிங்களத்தில் மிக மெல்லச் சொன்னார். யாருக்கு என்றில்லாமல் இன்னொருதரமும் சொன்னார்.

ஸெய்னுலாப்தீன் நடந்ததையெல்லாம் கேட்டறிந்தார். எழுத்துரு, அச்சுப்பொறி, படிவத்தின் இரண்டு கட்டம், சகீனாவின் கடிதங்கள். பிறகு பேனாவை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

"பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டளையை மாத்த எனக்கு அதிகாரமில்ல. சபைட முடிவை சபைதான் மாத்தணும். எழுதுவேன். அவங்க ஆறு மாசம் எடுப்பாங்க, ஒரு வருஷமும் எடுப்பாங்க. கடைசியில இதே பதில்தான் வரவும் கூடும்."

"விளங்குது, சேர்."

"ஆனா இதில கையெழுத்து என்னுடையது. உண்மையில்லையெண்டு தெரிஞ்ச கடிதத்தில அதை வச்சிட்டு, நான் எப்படித் தொழுகைக்குப் போய் நிக்கிற?" தாள் ஒன்று கோப்புக்குள் போனது. "நான் கையெழுத்துப் போடும் வரைக்கும் நீங்க இந்த ஒஃபிஸ்ட தட்டெழுத்தாளர்தானே? அப்ப லீவில ஏன் இருக்கீங்க?"

இதைக் கேட்டு அவர் துள்ளிக் குதித்திருப்பார் என்று நினைப்பவர்கள் எட்டு மாதம் படியேறிப் பார்க்க வேண்டும். அவருக்குச் சோர்வாகத்தான் இருந்தது. பழைய மேசைக்குப் போனால் அந்தக் கணினியில் எழுத்துருவும் இல்லை, வாசிக்கும் மென்பொருளும் இல்லை. சோதனை முடிந்த அன்றே யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். வெளியிலிருந்து எதையும் ஏற்றக்கூடாது என்று பாதுகாப்புச் சுற்றறிக்கை இருப்பதாகக் கணக்காளர் வந்து சொன்னார். கொழும்பில் அனுமதி கேட்க வேண்டுமாம். தியாகராஜா பிரம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இருங்கள்" என்றார் ஹேரத். அவரே கணக்காளரோடு ஏதோ வாதாடினார். கடைசியில், ஏதும் வந்தால் தன் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இருபத்தெட்டு வருடச் சேவையில் அவர் தன் பொறுப்பு என்று எதிலும் எழுதியதில்லை என்று வீரையா பிற்பாடு சொன்னார். சகீனாவுக்கு ஆள் போயிற்று. அவள் வந்து ஏற்றி முடிக்க மூன்று மணியாகிவிட்டது. இந்தத் தடவை அச்சுப்பொறி இருந்த கணினியிலும் ஏற்றினாள்.

இனி வரைவுகளை வாசிக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. வீரையாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஹேரத்துக்குத் தமிழ் தெரியாது, சகீனா தினமும் வர முடியாது. ஸெய்னுலாப்தீன் தன் கதிரையை இழுத்துக்கொண்டு அந்த மேசைக்கே வந்துவிட்டார்.

"காலைல என்ட வேலைக்கு முன்ன மூணு கடிதம் வாசிக்கலாம். போதுமா?"

"குவியல் எழுபது இருக்கு, சேர்."

"அப்ப அஞ்சு." குவியலின் அடியிலிருந்து உருவினார். "இதுதான் ஆகப் பழசு. மூக்காயி, மடுல்கெல்ல. மகளுக்கு அடையாள அட்டை எடுக்க ஏலாம இருக்காம், பிறப்புப் பதிவில பேர் பிழையாம். அட்டை இல்லாம பிள்ளையை டவுனுக்கு அனுப்பப் பயமா இருக்காம். பதில் கேட்டு மூணு தரம் எழுதி இருக்காங்க. முதல் கடிதத்துக்கு எட்டு மாசம்."

"பதில் வரைவு இருக்கோ?"

"இருக்கு. என்னென்ன பத்திரம் கொண்டுவரணுமெண்டு சரியா எழுதி இருக்கு. தாமதத்துக்குக் காரணம் போட மட்டும் இடம் விட்டிருக்கு. என்ன போடுற? தட்டெழுத்தாளர் இல்லையெண்டா?"

"அப்பிடிப் போட ஏலாது, சேர். ஆள் இருந்தவர்தானே."

பக்கத்தில் ஹேரத் நின்றுகொண்டிருந்தார். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வீரையா அவருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காரணம் வேண்டாம்" என்றார் தியாகராஜா. "தாமதத்துக்கு வருந்துகிறோம் எண்டு மட்டும் போடுவம். அது பொய்யில்லை."

அடித்தார். அச்செடுத்து வீரையா கொண்டுவந்ததும் ஸெய்னுலாப்தீன் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். அன்றைய தபால் போய்விட்டது. மடுல்கெல்ல பஸ் நாலரைக்கு இருக்கிறது, நான் அந்தப் பக்கம்தான் போகிறேன், தோட்டத்து லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று வீரையா உறையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தியாகராஜா அடுத்த தாளுக்காகக் கையை நீட்டினார்.